எந்த லயம், எத்தனையாவது காம்பரா?

மலையகத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லோரும் அறிந்தது. மற்றது ஒரு நாள் கூலி. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வீடு திரும்பும் பெண்ணிடம், லயம் எனப்படும் வரிசை வீட்டின் பக்கத்துக் காம்பராப் பெண், “அக்கா, இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?” என்று கேட்பாள். நிறுவை குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பேரே விழாவிட்டால், பகல் முழுவதும் மலையில் நின்ற நிற்பு யார் கணக்கிலும் இல்லை.

பசறையிலோ, லுணுகலையிலோ, நமுனுகுலை அடிவாரத்திலோ வளர்ந்த பிள்ளைகள் இன்று கணினி படிக்கிறார்கள். பதுளை நகரிலிருந்து பசறை வீதியில் போனால், 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு யுனிக்ஸ் சேர்வரைச் சொல்லிக்கொடுக்க நான் வெளியே உவமை தேடுவதில்லை. “பேர் விழுந்தால்தான் கணக்கு” என்ற தோட்டத்து வாக்கியமே போதும். சேர்வருக்குள் எத்தனை பெரிய டிஸ்க்கை மாட்டினாலும், அதற்கு ஒரு பேர் விழும்வரை அது இருந்தும் இல்லாததுதான். அந்தப் பேர் எப்படி விழுகிறது, யார் வைக்கிறார்கள், ஏன் சில வேளை ஒரே இரவில் மாறிப்போகிறது என்பதே இந்த அத்தியாயம்.

பேரேடு

யுனிக்ஸ் பிறந்த காலத்திலேயே, 1970களின் தொடக்கத்தில், அதை ஆக்கியவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: கருவிகளையும் கோப்புகளைப் போலவே நடத்துவது. டிஸ்க், முனையம், அச்சுப்பொறி எல்லாவற்றுக்கும் ‘/டெவ்’ என்ற அடைவுக்குள் ஆளுக்கொரு கோப்புப்பெயர் இருக்கும். அந்தப் பெயரைத் திறந்தால் கருவி திறக்கும். அதில் எழுதினால் கருவியில் எழுதப்படும். செக்ரோல் எப்படித் தோட்டத்தின் பேரேடோ, அப்படி ‘/டெவ்’ சேர்வரின் பேரேடு.

மனிதர் படிப்பது பெயரை. கணினியின் கருவகம் பார்ப்பது இரண்டு எண்களை. முதலெண் எந்த டிரைவர் இந்தக் கருவியைக் கவனிக்கிறது என்று சொல்லும். துணையெண் அந்த டிரைவரின் பொறுப்பில் உள்ளவற்றுள் இது எத்தனையாவது என்று சொல்லும். முதலெண்ணைத் தோட்டத்தின் ஒரு பகுதியான டிவிசன் என்றும், துணையெண்ணை அந்த டிவிசனுக்குள் இருக்கும் காம்பரா இலக்கம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

கங்காணிக்குப் பின்னால் நிற்பவர்கள்

டிஸ்க் என்பது சுழலும் தட்டு, ஒருநாள் நின்றுபோகும். இதற்கு மருந்தாக 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பெற்றர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். விலை கூடிய ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான பல சிறு டிஸ்க்குகளை ஓர் அணியாகச் சேர்த்து, ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும்படி செய்யலாம் என்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெய்ட்.

தாங்குவது எப்படி? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் டிஸ்க்கில் 1011, இரண்டாவதில் 0110 என்று எழுதியிருக்கிறது. மேலும் கீழும் ஒரே இலக்கமானால் 0, வேறானால் 1 என்று மூன்றாவது டிஸ்க்கில் குறிக்கிறோம்: 1101. இப்போது இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது என்று வையுங்கள். மீதி இருக்கும் 1011ஐயும் 1101ஐயும் அதே விதிப்படி ஒப்பிட்டால் 0110 திரும்ப வருகிறது. இழந்த டிஸ்க் எழுத்துக்கு எழுத்து மீண்டுவிட்டது. ரெய்ட் 5 என்ற அமைப்பின் உயிர் இந்த ஒரு விதிதான். நான்கு டெராபைட் டிஸ்க்குகள் நான்கை ரெய்ட் 5இல் சேர்த்தால் பன்னிரண்டு டெராபைட் பாவனைக்குக் கிடைக்கும். ஒரு டிஸ்க்கின் அளவு காப்புக்குப் போய்விடும்.

இந்தக் கணக்கை யார் போடுவது? இயங்குதளமே போட்டால் அது மென்பொருள் ரெய்ட். அதற்கென்று தனி அட்டை மாட்டி, அந்த அட்டையின் சொந்தச் செயலியும் நினைவகமும் போட்டால் அது வன்பொருள் ரெய்ட். மின் போனாலும் எழுதாமல் நிற்கும் தரவு தொலையாதபடி, பல அட்டைகளில் ஒரு சிறு பற்றரியும் இருக்கும். இந்த அட்டைக்குக் கொன்ட்ரோலர் என்று பெயர்.

பழைய தோட்டங்களில் துரை ஒவ்வொரு தொழிலாளியையும் அறிந்தவர் இல்லை. பெரிய கங்காணியை அறிவார். கங்காணிக்குப் பின்னால் எத்தனை பேர், யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பதில் யார் வந்தார் என்பது கங்காணியின் பொறுப்பு. வன்பொருள் ரெய்டிலும் இதே ஏற்பாடுதான். நான்கு டிஸ்க்குகளும் கொன்ட்ரோலருக்குப் பின்னால் நிற்கின்றன. இயங்குதளத்தின் கண்ணுக்குத் தெரிவது பன்னிரண்டு டெராபைட் கொண்ட ஒரே டிஸ்க். நமது கேள்வி இங்கேதான் பிறக்கிறது: உண்மையில் எங்கும் இல்லாத இந்த ஒற்றை டிஸ்க்குக்கு என்ன பெயர் வைப்பது?

இருக்கும் இடமே பெயர்

முதலில் வந்த பதில், இடத்தைப் பெயராக்குவது. மைலெக்ஸ் நிறுவனத்தின் டிஏசி960 கொன்ட்ரோலருக்கு, யுனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸ் இயங்குதளத்துக்கான டிரைவரை எழுதியவர் லெனார்ட் சுப்காஃப். அவர் வைத்த பெயர் ‘/டெவ்/ஆர்டி/சி0டி0பி1’ என்ற வடிவில் இருந்தது. சி என்பது கொன்ட்ரோலர், டி என்பது டிஸ்க், பி என்பது டிஸ்க்குக்குள் வகுத்த பிரிவு. எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்கும். பிரிவுக்கு மட்டும் ஒன்றில். சுப்காஃப் 2002இல் அலாஸ்காவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் இறந்துபோனார். அவர் வைத்த பெயர்கள் அதன் பின்னும் பல ஆண்டுகள் உலகெங்கும் சேர்வர்களில் புழங்கின.

கொம்பெக் நிறுவனத்தின் அட்டைகளும் இதே வழியில் போயின. பழையவை ‘/டெவ்/ஐடிஏ/சி0டி0’ ஆயின. பின்னால் வந்த ஸ்மார்ட் அரே அட்டைகள் ‘/டெவ்/சிசிஐஎஸ்எஸ்/சி0டி0’ ஆயின. கொம்பெக்கை எச்பி வாங்கிய பிறகும் எச்பி சேர்வர்களில் இந்தப் பெயரே நீடித்தது. இதன் உள்கணக்கை ஒருமுறை கிட்டப் பார்த்தால் பெயரின் அழகு விளங்கும். எட்டுக் கொன்ட்ரோலர்களுக்கு 104 முதல் 111 வரை எட்டு முதலெண்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பதினாறு துணையெண்கள். எனவே ‘சி0டி2பி3’ என்றால் முதலெண் 104. துணையெண் இரண்டைப் பதினாறால் பெருக்கி மூன்றைக் கூட்டினால் வரும் 35. அதே பிரிவு இரண்டாவது அட்டையில் இருந்தால் முதலெண் 105. எந்த டிவிசன், எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்று சொன்னால் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் முகவரி இது.

சோலாரிஸ் என்ற யுனிக்ஸ் வகையில் இந்த முகவரிக்கு இன்னும் ஒரு படி உண்டு: ‘சி1ரி3டி0எஸ்2’. சி கொன்ட்ரோலர், ரி அதில் தொங்கும் இலக்கு, டி அந்த இலக்கின் டிஸ்க், எஸ் அதன் துண்டு. ஒருமுறை கொடுத்த எண்ணை மறக்காதிருக்க, சோலாரிஸ் அதைத் தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும்.

ஃப்ரீபிஎஸ்டி வேறு மரபு. அங்கே கங்காணியின் பெயரே கூட்டத்தின் பெயர். அடாப்டெக் அட்டையின் அணி ‘ஏஏசிடி0’, பழைய மெகாரெய்ட் அட்டையின் அணி ‘ஏஎம்ஆர்டி0’, புதியதன் அணி ‘எம்எஃப்ஐடி0’, திரீவேர் அட்டையின் அணி ‘ரிடபிள்யூஇடி0’. பெயரைப் பார்த்தவுடன் உள்ளே எந்த நிறுவனத்தின் அட்டை இருக்கிறது என்று அனுபவசாலி சொல்லிவிடுவார். அட்டையை மாற்றினால் பெயரும் போய்விடும்; அதுதான் குறை. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் எல்லாமே ‘எச்டிஸ்க்0’, ‘எச்டிஸ்க்1’ என்று எளிய வரிசை.

பெரட்டு வரிசை

லினக்ஸில் இன்று பெரும்பாலான ரெய்ட் அணிகள் ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’, ‘எஸ்டிசி’ என்றே எழுந்து வருகின்றன. கொன்ட்ரோலர் தன் அணியை ஒரு சாதாரண ஸ்கசி டிஸ்க்காக அறிமுகப்படுத்துகிறது. கருவகமும் அப்படியே நம்புகிறது. இங்கே கடைசி எழுத்து இடத்தைச் சொல்வதில்லை. வந்த வரிசையைச் சொல்கிறது. காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் முதலில் வந்து நின்றவர் ஏ, அடுத்தவர் பி. இருபத்தாறும் முடிந்தால் ‘எஸ்டிஏஏ’ என்று இரட்டை எழுத்து. எண்ணும் இதே வரிசையில்தான்: ‘எஸ்டிஏ’ முதலெண் 8, துணையெண் 0, ‘எஸ்டிபி’ முதலெண் 8, துணையெண் 16.

பெரட்டுக்களத்தில் நேற்று முதலில் வந்தவர் இன்று பிந்தலாம். புதிதாக ஓர் அட்டை மாட்டினால், அல்லது யூஎஸ்பி டிஸ்க் ஒன்று முந்திக்கொண்டு எழுந்தால், நேற்றைய ‘எஸ்டிஏ’ இன்று ‘எஸ்டிபி’ ஆகிவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்தது பதுளை நகரில் ஓர் அலுவலகத்தில். ஒக்டோபர், நவம்பரில் ஊவா மலைகளில் பின்னேரம் கறுத்துக்கொண்டு வரும், இடி இறங்கும், கரண்ட் போய்விடும். அப்படி ஒரு பின்னேரம் சேர்வரும் நின்றுபோனது. கரண்ட் வந்து எழுப்பியபோது பாதி வழியில் நின்றுகொண்டு, தரவுப் பிரிவைக் காணவில்லை என்று சொன்னது. உடன் வேலை செய்த தம்பி முகம் வெளுத்து, “அண்ணே, டிஸ்க் எல்லாம் போயிருச்சு போல” என்றான். போகவில்லை. கொன்ட்ரோலரின் பச்சை விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. பின்பக்கம் குனிந்து பார்த்தபோது, முதல் நாள் பிரதி எடுக்க மாட்டிய யூஎஸ்பி டிஸ்க் கழற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அது முந்திக்கொண்டு ‘எஸ்டிஏ’ ஆகிவிட, எங்கள் இரண்டு அணிகளும் ஆளுக்கு ஓர் இடம் பின்னால் தள்ளப்பட்டிருந்தன. எந்தப் பிரிவை எங்கே இணைப்பது என்று சொல்லும் ‘எஃப்எஸ்டாப்’ கோப்பில் நாங்கள் ‘எஸ்டிபி1’ என்று எழுதி வைத்திருந்தோம். அந்தப் பெயரில் அன்று நின்றது வேறொரு டிஸ்க்.

யூஎஸ்பியைக் கழற்றியதும் எல்லாம் சரியானது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாராவது பதற்றத்தில், எழாத டிஸ்க்கை அழித்து அமைத்துவிடலாம் என்று ‘எஸ்டிபி’ மேல் கட்டளை கொடுத்திருந்தால்? பெயர் சரியாகத்தான் இருந்திருக்கும். அழிந்திருப்பது வேறொன்றாக இருக்கும்.

இதே விபத்து பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. ஸ்மார்ட் அரே அட்டைகளுக்கு 2010 அளவில் ‘எச்பிஎஸ்ஏ’ என்ற புதிய டிரைவர் லினக்ஸில் சேர்ந்தது. 2017இல் பழைய ‘சிசிஐஎஸ்எஸ்’ டிரைவர் கருவகத்திலிருந்தே நீக்கப்பட்டது. அட்டை அதே அட்டை, டிஸ்க் அதே டிஸ்க். கங்காணி மட்டும் மாறினார். ‘சி0டி0பி1’ என்று இருந்தது ‘எஸ்டிஏ1’ ஆனது. பழைய பெயரைக் கோப்புகளில் எழுதி வைத்திருந்த சேர்வர்கள், மேம்படுத்திய அன்றே தங்கள் சொந்த டிஸ்க்கை அடையாளம் தெரியாமல் நின்றன.

மாறாத பெயர்

தோட்டத்து லயத்துக்கு வரும் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெயர், டிவிசன், தோட்டம், பசறை. வீட்டிலக்கம் இல்லை, தெருப்பெயர் இல்லை. பெரும்பாலும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே போய்ச் சேரும். அங்கிருந்து கைமாறித்தான் காம்பராவுக்கு வரும். ஒரே டிவிசனில் இரண்டு செல்லம்மாக்கள் இருந்தால், வேலைக்கான நேர்முகக் கடிதம் ஒருத்தியின் தகரப் பெட்டியில் உறங்க, மற்றவளின் நாள் கடந்துபோகும். இடம் மட்டுமே அடையாளமாக இருப்பதன் விலை இது.

அதே செல்லம்மாவின் தேசிய அடையாள அட்டையில் ஓர் இலக்கம் இருக்கிறது. 2016க்குப் பின் வந்த அட்டையானால் பன்னிரண்டு இலக்கம். அதில் பிறந்த ஆண்டு இருக்கிறது; ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது இருக்கிறது; பெண் என்பதற்காக அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கிறது. அவள் லயம் மாறினாலும் கொழும்புக்கு வேலைக்குப் போனாலும் இலக்கம் மாறாது. இருக்கும் இடத்தைச் சொல்லாமல் ஆளைச் சொல்லும் பெயர் அது.

சேர்வர் உலகமும் இந்த வகைப் பெயரைத் தேடிப் போனது. ஏஐஎக்ஸ் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலேயே ஓர் அடையாள எண்ணை எழுதி வைத்தது. எச்பி-யூஎக்ஸ் 2007இல் பழைய இடப்பெயர்களோடு, டிஸ்க்கின் சொந்த அடையாளத்தோடு கட்டிய நிலையான பெயர்களையும் கொண்டுவந்தது. லினக்ஸில் 2003இல் கிரெக் குரோ-ஹார்ட்மன் அறிமுகம் செய்த ‘யூடெவ்’ என்ற மென்பொருள் இந்த வேலையை ஏற்றது. இன்று ‘/டெவ்/டிஸ்க்’ அடைவைத் திறந்தால் ஒரே அணிக்குப் பல பெயர்கள் கிடைக்கும்.

நம் தோட்டங்களுக்கு இது புதிதில்லை. பதிவேட்டில் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வாயில் புழங்கும் தமிழ்ப் பெயர் இன்னொன்று. எந்தப் பெயரைச் சொல்லி பஸ்ஸில் ஏறினாலும் இறங்கும் இடம் ஒன்றுதான். யூடெவ் வைக்கும் பெயர்களும் அப்படி ஒரே கருவியைச் சுட்டும் இணைப்புகளே.

அவற்றில் முதலாவது வழிப்பெயர்: ‘பிசிஐ-0000:03:00.0-ஸ்கசி-0:1:0:0’ போன்றது. பண்டாரவளை, எல்ல, தெமோதரை, பதுளை என்று நிலையங்களை அடுக்கிச் சொல்வதுபோல, தாய்ப்பலகையிலிருந்து அணிவரை போகும் பாதையை இது சொல்கிறது. அட்டையை வேறு துளையில் மாட்டினால் பாதை மாறும், பெயரும் மாறும்.

இரண்டாவது உலகப் பொதுப்பெயர். அணியை உருவாக்கும்போது கொன்ட்ரோலரே கொடுக்கும் முப்பத்திரண்டு இலக்கப் பெயர் இது. ஸ்மார்ட் அரே அணியானால் 600508 என்று தொடங்கி ‘பி1’ என்று தொடரும். முதல் 6 பெயரின் வகையைச் சொல்கிறது. அடுத்த ஆறு இலக்கங்கள் நிறுவனத்துக்குரியவை. முதலில் கொம்பெக்குக்கு வழங்கப்பட்டவை. நிறுவனம் கைமாறிய பின்னும் பரம்பரைப் பெயர்போல ஒவ்வோர் அணியிலும் இருக்கின்றன.

மூன்றாவது யூயூஐடி. பிரிவில் கோப்பமைப்பை உருவாக்கும்போது அதன் உள்ளேயே எழுதப்படும் 128 பிட் எண். எட்டு, நான்கு, நான்கு, நான்கு, பன்னிரண்டு என்று கோடு பிரித்து எழுதுவார்கள். அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த நாள் இருக்கிறது; இதில் பெரும்பாலும் எந்தத் தகவலும் இல்லை. 122 பிட்டுகள் குருட்டாம்போக்கில் எடுக்கப்படுகின்றன. அப்படி எடுக்கக்கூடிய எண்கள் ஐந்துக்குப் பின் முப்பத்தாறு பூச்சியங்களைவிடக் கூடுதல். ஆகவே இரண்டு ஒன்றாக வந்து விழும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. டிஸ்க்கை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்தால் யூயூஐடியும் நகலாகும். இரண்டையும் ஒரே சேர்வரில் மாட்டினால் ஒரே அடையாள அட்டையோடு இருவர் வந்து நிற்பார்கள்.

கைக்கு ஒரு பெயர், கோப்புக்கு ஒரு பெயர்

அப்படியானால் இடப்பெயர் வேண்டாமா? வேண்டும். வன்பொருள் ரெய்டில் மறக்கக்கூடாத உண்மை ஒன்று இருக்கிறது: அணியின் பெயர் எந்த டிஸ்க்கின் பெயரும் இல்லை. பழுதான டிஸ்க்கை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால், சில ஆண்டுகளில் பழைய டிஸ்க் ஒன்றுகூட மிஞ்சாது. உலகப் பொதுப்பெயரும் யூயூஐடியும் அப்படியே இருக்கும். தலைமுறைகள் மாறினாலும் லயத்தின் பெயர் நிற்பதுபோல.

ஆனால் ஒருநாள் இரவு மஞ்சள் விளக்கு எரியும்போது, ஒருவர் தன் கையால் ஒரு டிஸ்க்கை வெளியே இழுக்க வேண்டும். ‘எஸ்டிஏ’ என்ற பெயர் அவருக்கு உதவாது, யூயூஐடியும் உதவாது. எந்தப் பெட்டி, எத்தனையாவது துளை என்பதுதான் அவருக்கு வேண்டியது. ரெய்ட் 5இல் ஒரு டிஸ்க் செத்திருக்க, தவறிப்போய் பக்கத்து நல்ல டிஸ்க்கை இழுத்தால் அணி முழுவதும் விழுந்துவிடும். அதனால்தான் டிஸ்க்கின் நலம் பார்க்கும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கருவிக்கு அணியின் பெயரோடு, கொன்ட்ரோலருக்குப் பின்னால் எத்தனையாவது டிஸ்க் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கங்காணியைத் தாண்டி ஆளைப் பார்க்க அந்த எண் வேண்டும்.

ஆக, கை போகும் இடத்துக்கு இடப்பெயர். நிலைக்கும் கோப்புக்கு அடையாளப்பெயர். இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தால் அமைப்பு என்றோ ஒருநாள் தவறும்.

மனிதர்களுக்கும் இரண்டும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை சென்றது. அடையாளம் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. வாசலில் ஒட்டப்பட்ட இலக்கமும், அந்த வாசலுக்கே நேராகக் கடிதம் வரும் முகவரியும் பல லயங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதைக் கொடுப்பது கடினமான அறிவியல் இல்லை. ஒரு டிஸ்க்குக்கு நாம் கவனமாகச் செய்யும் வேலையை ஒரு வீட்டுக்குச் செய்ய அரசாங்கமும் தோட்ட நிர்வாகமும் மனம் வைத்தால் போதும்.

இதை வாசிக்கும் நீங்கள் எங்காவது ஒரு சேர்வரைப் பார்த்துக்கொள்பவரானால், இன்றே மூன்று வேலை செய்யுங்கள். ‘எஃப்எஸ்டாப்’ கோப்பைத் திறந்து, ‘எஸ்டி’ என்று தொடங்கும் ஒவ்வொரு பெயரையும் யூயூஐடியாக மாற்றுங்கள். ஒவ்வொரு டிஸ்க் தட்டின் முகத்திலும் அதன் தொடரிலக்கத்தையும் துளை எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். பிறகு, ஆறுதலாக ஒரு நாளில், ஒருமுறை நிறுத்தி எழுப்பிப் பாருங்கள். இடி விழும் பின்னேரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.